காரைக்குடிப் பக்கம் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்கிற பல் டாக்டர் யாராவது இருக்கிறார்களா?

ஆத்தங்குடிக் கல்:

எல்லோருக்கும் வணக்கம். ஆத்தாவுக்கு 67 வயது. போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த பலகாரப் பையில் சீப்புச்சீடை இருந்தது. நாலு நாள் டப்பாவில் கிடந்ததைச் சாயங்காலக் காப்பியோடு எடுத்துக் கடித்தவர், அப்படியே தாடையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் பாதிப் பல். வலது கீழ்க் கடைவாய். ஏற்கெனவே சொத்தை இருந்திருக்கும் போல, எங்களிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கிராம்புத் தைலத்தில் ஓட்டினோம். மூன்றாம் நாள் கன்னம் வீங்கிவிட்டது.

தம்பி பெங்களூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவனுடைய கம்பெனி இன்சூரன்ஸில் ஆத்தாவையும் சேர்த்திருக்கிறான். அட்டையில் ஐந்து லட்சம் என்று இருக்கிறது. ஐந்து லட்சத்தில் ஒரு பல் அடங்காதா என்ற தைரியத்தில் காரைக்குடியில் மூன்று கிளினிக் ஏறி இறங்கினேன்.

முதல் இடத்தில் கவுன்ட்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இங்கே எடுக்கிறதில்லைங்கண்ணே" என்றது. இரண்டாவது இடத்தில், "பில் தருவோம், நீங்கதான் போட்டு வாங்கிக்கணும்" என்றார்கள். மூன்றாவது இடம்தான் யோசிக்க வைத்தது. ரூட் கேனாலும் (வேர்ச் சிகிச்சை) அதன் மேல் மூடுகிற கேப்பும் சேர்த்து 9,000 என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அட்டையை எடுத்ததும், "இன்சூரன்ஸ் இருக்கா? அப்ப 14,000 வரும், பார்த்துப் போட்டுத் தர்றோம்" என்றார். அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்சூரன்ஸ் ஆப்பில் தேடினால் மதுரையும் திருச்சியும்தான் காட்டுகிறது. நான் கல் பட்டறையில் வேலை பார்க்கிறேன், ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. ஆத்தாவை பஸ்ஸில் நாலு தடவை மதுரைக்கு இழுத்தடிக்கவும் முடியாது. இந்தப் பக்கத்திலேயே இன்சூரன்ஸ் எடுக்கிற நல்ல பல் டாக்டர் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

ரொம்ப யோசிக்காதீங்க பங்காளி. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் பல் உடைந்தது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். விபத்து என்றால் பல்லுக்கும் உண்டு. எங்கள் மச்சான் அப்படித்தான் வாங்கினார்.

பழைய கவுன்ட்டர் அக்கா:

தம்பி, மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். காரணம் கீழே சொல்கிறேன். முதலில் ஆத்தா கன்னம்.

வீக்கம் இருக்கும்போது இன்சூரன்ஸைத் தேடி நாளைக் கடத்த வேண்டாம். உள்ளே சீழ் கட்டியிருக்கும். இன்றைக்கே யாராவது ஒரு பல் டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்குங்கள். சூடாக ஒத்தடம் கொடுக்க வேண்டாம். சர்க்கரை இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ கிளினிக் எல்லாம் வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. அதற்கு இராத்திரி பகல் பார்க்கக் கூடாது.

இனி இன்சூரன்ஸ். நான் 11 வருடம் ஒரு பல் கிளினிக்கில் கவுன்ட்டரில் இருந்தவள். டோக்கன் போடுவது, பில் எழுதுவது, கோபமாக வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் என் வேலை. அந்த 11 வருடத்தில் எங்கள் மேஜையில் அட்டையைத் தேய்த்துப் பணம் கட்டாமல் பல் வைத்தியம் செய்துகொண்டு போனவர் ஒருவர் கூட இல்லை. அந்த ஐந்து லட்சம் ஆஸ்பத்திரியில் படுக்கை போட்டுப் படுத்தால்தான் தம்பி. பல் வைத்தியம் நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொள்வது. அதற்கு ஓபிடி, அதாவது படுக்காமல் வெளிநோயாளியாகப் பார்த்துக்கொள்வது, என்று தனியாக எழுதியிருந்தால்தான் உண்டு. அதுவும் பெரும்பாலும் நாம் காசைக் கட்டி, பில்லை அனுப்பி, பிறகு வாங்குவது.

அதனால் "இன்சூரன்ஸ் எடுப்பீங்களா" என்று கேட்டுப் போகாதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் இல்லை என்பார்கள், மீதிப் பத்தில் உங்கள் மூன்றாவது கிளினிக் மாதிரி விலையை ஏற்றுவார்கள். "பில் எப்படித் தருவீங்க" என்று கேளுங்கள். ஒழுங்காகப் பில் போடுகிற டாக்டர்தான் நீங்கள் தேடுகிற டாக்டர்.

ஒழுங்கான பில் என்றால் என்ன என்று சொல்கிறேன். வரிசை எண் அச்சடித்த பில்லாக இருக்க வேண்டும், லெட்டர்பேடைக் கிழித்து "பல் சிகிச்சை 8,000" என்று எழுதித் தருவது பில் இல்லை. ஆத்தாவின் பெயர் அட்டையில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். கன்சல்டேஷன், எக்ஸ்ரே, ரூட் கேனால், கேப் தனித்தனி வரியாக, தேதியோடு. எந்தப் பல் என்று நம்பர். டாக்டர் கையெழுத்து, அவருடைய பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண் உள்ள சீல். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கட்டினால் ரசீதில் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லுங்கள். வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் பில்லில் அந்த நம்பர் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

எக்ஸ்ரே முக்கியம். ஆரம்பிக்கும் முன் எடுத்தது ஒன்று, வேரை அடைத்து முடித்த பிறகு எடுத்தது ஒன்று. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் வருகிறது, இரண்டையும் போனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இது இன்சூரன்ஸுக்கு மட்டும் இல்லை. எக்ஸ்ரேயைத் திருப்பிக் காட்டி, "இதோ பாருங்கம்மா, வேர் இவ்வளவு, மருந்து நுனி வரைக்கும் போயிருக்கு" என்று சொல்கிற டாக்டரிடம் நம்பிப் போகலாம் என்பது என் அனுபவம்.

இன்னொன்று. நம் ஊர்ப் பக்கம் ரூட் கேனால் ஸ்பெஷலிஸ்ட் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வாரத்தில் ஒரு நாள் வருவார். அதில் தப்பில்லை. ஆனால் யார் கை வைக்கிறார்கள், மேற்படிப்பு எம்டிஎஸ் படித்தவரா, பிடிஎஸ் பட்டம் மட்டுமா, பாதியில் வலித்தால் அடுத்த வாரம் வரைக்கும் யாரைப் பார்ப்பது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டில் ஒரு டாக்டர், பில்லில் வேறு டாக்டர் சீல் என்று போய் ஒரு வாத்தியாரம்மா பில் இரண்டு தடவை திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். தப்பு எங்கள் பக்கம். அந்த அம்மா என்னைத்தான் திட்டினார்.

இப்போது அந்தப் பாத்ரூம் கதை. பொய் என்று தெரிந்தால் அந்தப் பில் மட்டும் போகாது, உங்கள் குடும்பத்துக்கு இருக்கிற இன்சூரன்ஸே போகலாம். பாலிசி யார் எடுத்தது? உங்கள் தம்பியின் கம்பெனி, அவனுக்காக. ஒரு கடைவாய்ப் பல்லுக்காக அவனை எச்ஆர் முன்னால் நிற்க வைக்காதீர்கள்.

பள்ளத்தூர் ரிட்டயர்டு:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் பட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு ஞானப்பல் குறுக்காக முளைத்து அறுத்து எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள், தையல் போட்டார்கள், ஒன்றரை மணி நேரம் ஆனது. 24 மணி நேரம் படுக்காமல் செய்கிற அறுவைக்கு டே கேர் என்று உண்டே, மயக்க ஊசியும் போட்டிருக்கிறதே என்று நானே வாதம் தயாரித்து அனுப்பினேன். முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவன், விடுவேனா? இன்சூரன்ஸ்காரர்கள் பதில் இரண்டு வரி. வழக்கமாக வெளிநோயாளியாகச் செய்துகொள்ளும் சிகிச்சை டே கேர் ஆகாது. தவிர, நீங்கள் போன இடம் ஆஸ்பத்திரியே இல்லை.

பாலிசிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி என்றால் பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, மற்ற ஊரில் 15. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது, ஆனாலும் பத்து லட்சம் இல்லை, ஆக நமக்கு 10. நான் போன கிளினிக்கில் இருந்தது இரண்டு நாற்காலி.

விபத்துக்கும் அதே புத்தகத்தில் விளக்கம் இருக்கிறது. திடீரென்று, எதிர்பாராமல், நம் விருப்பம் இல்லாமல், வெளியிலிருந்து வருகிற, கண்ணுக்குத் தெரிகிற, வன்மையான காரணத்தால் நேர்வது. சீப்புச்சீடைக்கு எல்லாம் பொருந்துகிறது, விருப்பம் ஒன்றுதான் இடிக்கிறது.

நியாயமாக வர வேண்டியதை மறுத்தால் மட்டும் விடாதீர்கள். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கே சரியாகாவிட்டால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார்த் தளம், அல்லது 155255 என்ற போன் நம்பர். எழுதி 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் (குறைகேட்பு அதிகாரி) இருக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். என் கேஸ் அங்கே நிற்காது என்று எனக்கே தெரிந்ததால் நான் போகவில்லை.

திருமயம் பஸ்:

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று யாராவது சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அது பெரிய உதவிதான், ஆனால் ரூட் கேனாலுக்கும் கேப்புக்கும் ஆகாது. பட்டறையில் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் அதில் பல்லும் உண்டு, உங்களை நம்பி இருக்கிற ஆத்தாவுக்கும் கேட்டுப் பார்க்கலாம்.

எதுவும் இல்லையென்றால் புதுக்கோட்டைக்கு வண்டி ஏறுங்கள். அங்கே 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து எங்கள் ஊர் வழியாக ஒரு மணி நேரம் சொச்சம். என் வீட்டுக்காரிக்கு அங்கேதான் பல் அடைத்தோம். பொறுமை வேண்டும், காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும், ஒரு நாளில் முடியாது. ஆனால் அவசரப்பட்டுப் பிடுங்கி அனுப்பவில்லை. காப்பாற்றலாமா என்று இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

ஆத்தங்குடிக் கல்:

அக்காவுக்குக் கோடி நன்றி. அன்றைக்கே இரண்டாவது கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்கிவிட்டேன். வீக்கம் வடிந்துவிட்டது. பட்டறையில் பத்துப் பேர் கூட இல்லை, இஎஸ்ஐ கிடையாது.

தம்பியை விரட்டிப் பாலிசி மெயிலை வாங்கினேன். அவனே இதுவரை திறந்து பார்க்கவில்லை! ஓபிடி என்று குடும்பத்துக்கு வருடம் 10,000 இருக்கிறது. அதற்குள் பல்லுக்கு 5,000. கீழே பொடி எழுத்தில், கேப், இம்பிளான்ட், பல் செட்டு, அழகுக்காகச் செய்வது எதுவும் சேராது. பில் தேதியிலிருந்து 30 நாளைக்குள் அனுப்ப வேண்டும். கேப் இல்லாமல் ரூட் கேனால் மட்டும் செய்து நிறுத்தலாமா அக்கா?

பழைய கவுன்ட்டர் அக்கா:

நிறுத்தலாம், ஆறு மாதத்தில் மறுபடி எழுதுவீர்கள். ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல் வலிக்காது, ஆனால் பலம் போய்விடும். ஆத்தாவுக்குப் பாதிப் பல் ஏற்கெனவே இல்லை. மேலே மூடி போடாமல் மெல்லவிட்டால் நெடுக்காகப் பிளந்துவிடும், அப்புறம் பிடுங்குவதைத் தவிர வழி கிடையாது. கட்டின காசும் போச்சு.

கேப்பில் ஜிர்கோனியா என்கிற வெள்ளை வகைதான் போட வேண்டும் என்று யாராவது நெருக்கினால் ஏன் என்று கேளுங்கள். பின்னால் இருக்கிற பல், சிரித்தால் தெரியாது. செராமிக்-மெட்டல் போதும், வெறும் மெட்டல் கூடப் போதும். கேப்பை வேறு பில்லாகப் போடச் சொல்லுங்கள். ரூட் கேனால் பில் முதலில் போகட்டும், 30 நாள் கணக்கு இருக்கிறதே. கேப் பணத்தை ரூட் கேனாலில் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம். அதுவும் பாத்ரூம் கதைதான்.

ஆத்தங்குடிக் கல்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லாவிட்டால் தப்பு.

அந்த இரண்டாவது கிளினிக்கிலேயே செய்தோம். முன்பணம் கட்டும் முன் அக்கா சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன், பில் எப்படித் தருவீங்க என்று. கவுன்ட்டரில் இருந்த பெண் பழைய பில் ஒன்றை எடுத்து, பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டியது. நம்பர், சீல், தனித்தனி வரி எல்லாம் இருந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கேப் மாட்டியதோடு நாலு தடவை போனோம், நாலும் ஞாயிற்றுக்கிழமை, ஸ்பெஷலிஸ்ட் வருகிற நாள். எனக்குக் கூலி போகவில்லை. மூன்றாவது தடவை கேப்புக்கு அளவெடுத்தார்கள். ரோஸ் கலரில் ஒரு மாவை வேகவேகமாகக் குழைத்து, லாடம் மாதிரி தட்டில் அப்பி ஆத்தா வாயில் வைத்து அழுத்தினார். ஆத்தா கண்ணில் தண்ணீர். மூக்கால மூச்சு விடுங்கம்மா, மூக்கால, என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். எடுத்தபோது உள்ளே ஒவ்வொரு பல்லும் குழியாக விழுந்திருந்தது, உடைந்த பல்லின் விளிம்பு கூடத் தெரிந்தது. பட்டறையில் கண்ணாடி மேல் சாயம் ஊற்றி, மேலே சிமென்ட் போட்டு அழுத்தி எடுக்கிறோமே, அதே வேலை. கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் கல்லில் தெரியும். இங்கேயும் ஒரு காற்றுக் குமிழ் தெரிந்தது என்று சொல்லி, முதலில் எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார். ஆத்தாவுக்குக் கோபம். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துவிட்டது.

கணக்கு: கன்சல்டேஷன் 200, எக்ஸ்ரே இரண்டு 300, ரூட் கேனால் 3,500, மருந்துக்கடை 340, கேப் 4,500. மொத்தம் 8,840. கேப்பை விட்டுவிட்டு 4,340க்கு அனுப்பினோம். ஒரு தடவை கேள்வி கேட்டார்கள், முடித்த பிறகு எடுத்த எக்ஸ்ரே எங்கே என்று. போனில் இருந்ததை அனுப்பினேன். தம்பி கணக்கில் 4,000 வந்துவிட்டது. மருந்துக்கடை 340 மட்டும் வரவில்லை. கடைக்காரர் பெயர் கேட்டபோது நான் பாட்டுக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறேன், பில் என் பெயரில் இருக்கிறது. ஆத்தா பெயரை எழுத்துக்கு எழுத்து பாருங்கள் என்று அக்கா சொன்னதை டாக்டர் பில்லில் பார்த்தவன், மருந்துக்கடையில் விட்டுவிட்டேன்.

பில்லில் பல் நம்பர் 46 என்று இருந்தது. அதைப் படித்துக் காட்டியதும் ஆத்தா, "எனக்கு இருக்கிறதே இருபத்தேழு, நாற்பத்தாறுக்குக் காசு வாங்குறானா?" என்று கிளம்பிவிட்டார். வாயை நாலு பாகமாகப் பிரித்து, வலது கீழ் நான்காவது பாகம், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல், அதனால் நாலு-ஆறு என்று கவுன்ட்டர் பெண் விரல் வைத்து எண்ணிக் காட்டியது. ஆத்தா இன்னும் முழுசாக நம்பவில்லை.

பழைய கவுன்ட்டர் அக்கா:

340 போனால் போகட்டும் தம்பி. பல்லில் இன்னும் 1,000 பாக்கி இருக்கிறதே. இடது பக்கத்தில் சொத்தை இருக்கிறதா என்று அதே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், வருடம் முடிவதற்குள் அடைத்துவிடலாம்.

ஆத்தங்குடிக் கல்:

இருக்கிறதாம் அக்கா, 36இல். அடுத்த ஞாயிறு போகிறோம். மீதிச் சீடையைப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். நேற்றுப் பட்டறையிலிருந்து வந்து பார்த்தால் பரணுக்குக் கீழே முக்காலி கிடக்கிறது.